எலும்புப் புற்றுநோயும் வாழ்க்கைத் துணையும்

மும்பை நகரின் பரேல் பகுதியில் உள்ள டாட்டா நினைவு மருத்துவமனை 1941-ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. 1957-இல் மத்திய சுகாதார அமைச்சகம் அதனை ஏற்றுக்கொண்டது. 1962-இல் அது அணுசக்தித் துறையின் பொறுப்புக்கு மாறியது. நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் புற்றுநோயாளிகள் அங்கு வந்து சேர்கின்றனர். அவர்களுள் தனியே வருவோர் மிகச் சிலர். பெரும்பாலோருடன் மற்றொருவர் இருப்பார். படங்களும் சோதனை முடிவுகளும் அடங்கிய கோப்பு அவர் கையில்தான் இருக்கும். சீட்டு வாங்குபவரும் வரிசையில் நிற்பவரும் மருந்துக் கடைக்கு ஓடுபவரும் அவரே. மருத்துவர் கூறியதை இரவில் நினைவுபடுத்தி நோயாளிக்கு எடுத்துரைப்பவரும் அவரே. மணமான நோயாளியாயின், அவ்வாறு உடன் வருபவர் பெரும்பாலும் மனைவி, அல்லது கணவன்.

சிகிச்சையின் வெற்றியில் இவ்வாறு உடன் இருப்பவருக்கு உள்ள பங்கு பொதுவாகக் கருதப்படுவதைவிடப் பெரிது. அன்பும் பொறுமையும் அவருக்கு வேண்டும் என்பதை யாவரும் அறிவர். அவற்றோடு சில திட்டமான செய்திகளும் அவருக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். அவற்றை அவருக்கு உரிய காலத்தில் எடுத்துக் கூறக்கூடிய நிலையில் உள்ளோர், கிராமங்களில் பணியாற்றும் ஆசிரியர்களும் சுகாதாரக் களப்பணியாளர்களுமே. எலும்பில் தோன்றும் புற்றுநோய் அரிதான ஒன்றாகையால், இதில் அவர்களது உதவி மேலும் தேவைப்படுகிறது.

விளக்கத்தின் பொருட்டு ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். கங்கைச் சமவெளியில் ஒரு சிற்றூர். கணவனுக்கு வயது 26. குத்தகை நிலத்தில் பயிரிடுபவன். மனைவிக்கு வயது 22. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். ஒரு பெண் குழந்தை உண்டு. கணவனுக்கு முழங்காலுக்குச் சற்று மேலே வலி தோன்றுகிறது. இக்குடும்பத்தின் முன் வரும் வினாக்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தால், துணைவியின் பணி எத்தகையது என்பது விளங்கும்.

நோயின் இயல்பு

எலும்பில் காணப்படும் புற்றுநோய்களுள் பெரும்பாலானவை வேறோர் உறுப்பில், அதாவது மார்பகம், நுரையீரல், ஆண்களின் பிராஸ்டேட் சுரப்பி போன்றவற்றில் தோன்றி, பின்னர் எலும்புக்குப் பரவியவை. எலும்பிலேயே தோன்றும் புற்றுநோய் இவற்றினின்றும் வேறானது. எல்லாப் புற்றுநோய்களையும் சேர்த்துக் கணக்கிட்டால் அது நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு.

இவ்வகையில் முக்கியமானவை மூன்று. முதலாவது ஆஸ்டியோசார்க்கோமா. வளரும் பருவத்தினரிடமும் இளைஞரிடமும் இது மிகுதி. தொடை எலும்பின் கீழ்ப்பகுதி, முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் மேற்பகுதி, தோளை ஒட்டிய கை எலும்பு ஆகியவை இதற்கு உகந்த இடங்கள். இரண்டாவது யூவிங் சார்க்கோமா. 1921-இல் ஜேம்ஸ் யூவிங் என்ற அமெரிக்க நோய்க்குறியியலறிஞர் இதனைத் தனி நோயாக விவரித்தார். இதுவும் இளம் வயதினரையே பெரும்பாலும் பற்றுகிறது. மூன்றாவது குருத்தெலும்பு அணுக்களின் இயல்புடைய காண்ட்ரோசார்க்கோமா. இது நடுவயதிலும் முதுமையிலும் இடுப்பெலும்பு, தொடை, தோள் முதலிய இடங்களில் தோன்றுகிறது. முதலிரண்டுக்கும் மருந்துச் சிகிச்சை இன்றியமையாதது. மூன்றாவது பொதுவாக மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் எளிதில் இணங்குவதில்லை. அறுவைச் சிகிச்சையே அதற்கு முதன்மையானது. ஆதலால் பக்கத்து ஊரில் ஒருவருக்குச் செய்யப்பட்ட சிகிச்சையைத் தம் நோய்க்கு ஒப்பிட்டுப் பார்த்துக் குழப்பமடைதல் பயனற்றது.

இந்நோய் அரிது என்பதிலேயே ஓர் ஆபத்து அடங்கியுள்ளது. சிறிய ஊரில் தொழில் நடத்தும் ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் இதனை ஓரிரு முறையே காணக்கூடும். ஒருமுறையும் காணாமலும் இருக்கக்கூடும். வலியுள்ள இடத்தில் முன்பு எப்போதோ அடிபட்டது நோயாளியின் நினைவுக்கு வரும். எனவே அது சுளுக்கு என்றோ வாதம் என்றோ முடிவு செய்யப்படுகிறது. எண்ணெய் தடவி உருவுதலும் கட்டுப் போடுதலும் மாதக்கணக்கில் தொடர்கின்றன. அடிபடுவதால் இந்நோய் உண்டாவதில்லை. அடிபட்டதால் கவனம் அவ்விடத்தின்மேல் செல்கிறது என்பதே உண்மை.

முதல் வாரங்களின் முக்கியத்துவம்

பாடுபட்ட உடலின் வலி ஓய்வில் தணியும். எலும்புக் கட்டியின் வலி ஓய்விலும் தணியாது, இரவில் உறக்கத்தைக் கெடுக்கும், வாரந்தோறும் மிகும். பின்னர் அவ்விடத்தில் வீக்கம் தென்படும். சில சமயம் சிறிய இடறலிலேயே எலும்பு முறிந்துவிடும். இரவு வலியை முதலில் அறிபவர் உடன் உறங்கும் துணைவரே. மேலே கூறிய குடும்பத்தில், கணவன் இரவில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறான் என்பதை மனைவி கவனித்து வெளியே சொல்வாளாயின், அதுவே நோயறிதலின் தொடக்கமாகும். இத்தகைய வலி சில வாரங்களுக்கு மேல் நீடித்தால் அவ்விடத்தை எக்ஸ்-ரே படம் எடுத்துப் பார்த்தல் வேண்டும். இச்சோதனை செலவு குறைந்தது; மாவட்ட மருத்துவமனைகளில் கிடைப்பது. வீங்கிய இடத்தை உருவிவிடுதல் எக்காரணம் கொண்டும் கூடாது.

படத்தில் ஐயம் தோன்றினால் அடுத்த படி திசுச் சோதனை. இங்கேதான் அறியாமையால் பெரும் தவறு நேர்கிறது. கட்டியிலிருந்து சிறு பகுதியை எடுத்தல் எளிய செயல் எனத் தோன்றலாம். ஆனால் ஊசியோ கத்தியோ சென்ற வழியில் நோயணுக்கள் தங்கிவிடக்கூடும். ஆகவே பின்னர் செய்யப்படும் பெரிய அறுவைச் சிகிச்சையில் அவ்வழியையும் சேர்த்து அகற்றவேண்டியிருக்கும். அவ்வழி பொருந்தாத இடத்தில் அமைந்துவிட்டால், காப்பாற்றியிருக்கக்கூடிய காலை வெட்டி நீக்க நேரிடலாம். அமெரிக்காவில் ஹென்றி மாங்கின் என்ற எலும்பு அறுவை நிபுணரும் அவருடைய துணைவர்களும் 1982-இலும் 1996-இலும் வெளியிட்ட இரு ஆய்வுகள் இதனை மெய்ப்பித்தன. இறுதிச் சிகிச்சை நடைபெறும் மையத்தில் செய்யாமல் வேறிடத்தில் திசு எடுக்கப்பட்டபோது சிக்கல்கள் பல மடங்கு மிகுந்தன என அவை காட்டின. முடிவு தெளிவானது: அறுவைச் சிகிச்சை எங்கு நடைபெறுமோ அங்கேயே, அந்த நிபுணர் குழுவின் மேற்பார்வையிலேயே, திசுச் சோதனையும் நடைபெறல் வேண்டும். எக்ஸ்-ரே படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பெரிய மையத்துக்குப் புறப்படுமாறு ஒரு களப்பணியாளர் அக்குடும்பத்தைத் தூண்டுவாரானால், அவர் ஒரு காலையே காத்தவராவார்.

திசுச் சோதனையுடன் எலும்பு முழுவதையும் காட்டும் எம்.ஆர்.ஐ. படமும், மார்பின் சி.டி. படமும், உடல் முழுவதையும் ஆராயும் எலும்பு ஸ்கேன் அல்லது பெட் ஸ்கேனும் எடுக்கப்படும். இந்நோய் பரவும்போது பெரும்பாலும் முதலில் நுரையீரலுக்கே செல்வதால் மார்புப் படம் முக்கியமானது. காலில் உள்ள நோய்க்கு மார்பை ஏன் படம் எடுக்கிறார்கள் என்று துணைவர் அஞ்சுதல் இயல்பு. காரணத்தை முன்னரே கூறிவிட்டால் அந்த அச்சம் குறையும்.

சிகிச்சை வளர்ந்த வரலாறு

1970-க்கு முன் ஆஸ்டியோசார்க்கோமாவுக்கு இருந்த வழி, நோயுற்ற காலையோ கையையோ வெட்டி அகற்றுவது ஒன்றே. அவ்வாறு அகற்றிய பின்னும் பத்து நோயாளிகளில் எண்மர் சில ஆண்டுகளில் நுரையீரல் பரவலால் இறந்தனர். கட்டி கண்டுபிடிக்கப்படும்போதே கண்ணுக்குத் தெரியாத நோயணுக்கள் இரத்தத்தின் வழியே பரவிவிட்டிருந்தன என்பது இதனால் தெரிந்தது. 1970-க்குப் பிந்திய பத்தாண்டுகளில் மெதொட்ரெக்ஸேட், டாக்ஸோரூபிசின், சிஸ்பிளாட்டின் முதலிய மருந்துகள் இந்நோயில் பயன்பாட்டுக்கு வந்தன. இன்று, நோய் ஓரிடத்தில் மட்டும் உள்ள இளம் நோயாளிகளில் பத்தில் அறுவரோ எழுவரோ முழுச் சிகிச்சைக்குப் பின் பிழைக்கின்றனர். பரவிய நிலையில் வருவோரிடம் இவ்வெற்றி மிகக் குறைவு. காலந்தாழ்த்தாமை ஏன் இவ்வளவு வற்புறுத்தப்படுகிறது என்பதற்கு இதுவே விடை.

மேற்கூறிய மருந்துகளுள் முதலாவதன் பிறப்பில் ஓர் இந்தியருக்குப் பங்குண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவில் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் நடத்திய ஃபோலிக் அமில ஆராய்ச்சியிலிருந்தே அவ்வகை மருந்துகள் தோன்றின. அவற்றைக் கொண்டு குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணிக்க முடிந்ததை சிட்னி ஃபார்பர் 1948-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார்.

அறுவைச் சிகிச்சைக்கு முன்னரே மருந்து கொடுக்கும் முறைக்கு ஒரு சுவையான தோற்றுவாய் உண்டு. நோயாளியின் அளவுக்கேற்ற உலோக எலும்பைச் செய்து முடிக்க அக்காலத்தில் இரண்டு மூன்று மாதங்கள் தேவைப்பட்டன. அந்த இடைக்காலம் வீணாகாதிருக்க, நியூயார்க் நகர மருத்துவர்கள் மருந்தைத் தொடங்கினர். அவ்வாறு செய்ததால், அகற்றிய கட்டியைச் சோதித்து, மருந்து எவ்வளவு வேலை செய்தது என்பதை அளவிடவும் முடிந்தது. நோயணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் அழிந்திருப்பது நல்ல அறிகுறி. இன்றும் இம்முறையே கைக்கொள்ளப்படுகிறது: சில சுற்று மருந்து, பின்னர் அறுவைச் சிகிச்சை, மீண்டும் மருந்து. யூவிங் சார்க்கோமாவில் கதிர்வீச்சும் பயன்படுகிறது. மொத்தக் காலம் ஏறக்குறைய ஆறு மாதத்திலிருந்து ஓராண்டு வரை ஆகலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை வரும் மருந்தைத் தவறவிட்டாலும் தள்ளிப்போட்டாலும் சிகிச்சையின் வலிமை குன்றும். அறுவடைக்காகவோ திருமணத்துக்காகவோ ஊருக்குச் சென்று திரும்பாதிருப்பவர் நோய்க்கு இடங்கொடுப்பவராகிறார். ஆண்டுக் கணக்கில் அல்ல, மாதக் கணக்கில் முடியும் போராட்டம் இது என்று தொடக்கத்திலேயே தெரிந்துகொண்ட துணைவர் இதில் உறுதியாக நிற்பார்.

வெப்பமானியும் குறிப்பேடும்

மருந்துக் காலத்தில் துணைவியிடம் இருக்கவேண்டிய கருவிகள் இரண்டு: ஒரு வெப்பமானி, ஒரு குறிப்பேடு.

இம்மருந்துகள் வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குகின்றன. நோயணுக்களோடு எலும்பு மச்சையில் உண்டாகும் வெள்ளை அணுக்களும் குறைகின்றன. மருந்து செலுத்திய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரையில் இக்குறைவு பெரும்பாலும் உச்சத்தில் இருக்கும். அந்நாட்களில் கிருமிகளை எதிர்க்கும் சக்தி உடலில் இல்லை. ஆகவே காய்ச்சல் ஒன்றே அபாயத்தின் அறிவிப்பு. வெப்பமானி 38 டிகிரி சென்டிகிரேட், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் காட்டினால், பொழுது விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். காய்ச்சல் மாத்திரை கொடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுதல் தவறு. மாத்திரை சூட்டைத் தணிக்கும், கிருமியை அழிக்காது, ஆபத்து மறைந்துவிடும். நோயாளி ஊரில் இருக்கும் நாட்களில் இந்நிலை வரக்கூடும். எனவே அருகிலுள்ள மருத்துவமனையில் காட்டத்தக்க ஒரு கடிதத்தைச் சிகிச்சை மையத்திடமிருந்து முன்னரே பெற்று வைத்துக்கொள்ளுதல் நலம். மருந்தின் பெயர், செலுத்திய நாள், காய்ச்சல் வந்தால் செய்யவேண்டியது ஆகியவை அதில் குறிக்கப்பட்டிருத்தல் வேண்டும். நள்ளிரவில் வண்டி தரக்கூடியவர் யார் என்பதையும் முன்கூட்டியே பேசி வைத்தல் வேண்டும். இவ்விரு ஏற்பாடுகளிலும் ஆசிரியர் ஒருவர் எளிதில் துணைசெய்யலாம்.

குறிப்பேட்டில் எழுதவேண்டியவை பல அல்ல: மருந்து செலுத்திய நாள், காலை மாலை வெப்பநிலை, உண்ட உணவு, வாந்தி, சிறுநீர், வலி, இரத்தச் சோதனை எண்கள், மருத்துவரிடம் கேட்கவேண்டிய வினாக்கள். சிஸ்பிளாட்டின் மருந்தால் காதில் இரைச்சலும் கேட்கும் திறனில் குறைவும் ஏற்படலாம், சிறுநீரகமும் பாதிக்கப்படலாம். டாக்ஸோரூபிசின் செலுத்திய பின் சிறுநீர் சிவந்து காணப்படுவது மருந்தின் நிறமே. ஆனால் அம்மருந்து இருதயத்தைப் பாதிக்கக்கூடுமாதலால் இருதயச் சோதனை இடையிடையே செய்யப்படும். ஐபாஸ்பமைடு என்ற மருந்தால் சிறுநீரில் இரத்தம் வரலாம். சிலருக்கு மனக்குழப்பமும் தூக்க மயக்கமும் உண்டாகும். கணவன் வழக்கத்துக்கு மாறாகப் பேசுகிறான் என்பதை எந்தக் கருவிக்கும் முன்னரே மனைவி அறிவாள். அவள் கூறுவதைச் செவிலியர் மதித்துக் கேட்பது முறை. அவளும் தயங்காமல் கூறல் வேண்டும். மயிர் உதிர்தல் பெரும்பாலும் தற்காலிகமே; சிகிச்சை முடிந்த பின் அது மீண்டும் வளரும்.

உணவு பற்றிப் பல நம்பிக்கைகள் நிலவுகின்றன. பாலையும் பருப்பையும் நீக்கிவிடுவதாலோ, பழச்சாறு மட்டும் கொடுப்பதாலோ கட்டி பட்டினியால் இறந்துவிடும் என்பது ஆதாரமற்றது, மெலிவது நோயாளியே. புதிதாகச் சமைத்த உணவு, கொதித்து ஆறிய நீர், முட்டை, பருப்பு, தயிர் போன்ற சத்துள்ள பொருள்கள், சிறிது சிறிதாகப் பல வேளை எனக் கொடுப்பதே போதும். மூலிகைக் கஷாயங்களும் பொடிகளும் சிறுநீரகத்தையோ கல்லீரலையோ தாக்கிச் சிகிச்சையைத் தடைப்படுத்தக்கூடும். ஆதலால் மருத்துவருக்குத் தெரியாமல் எதையும் கொடுத்தல் கூடாது. மருந்து செலுத்திய பின் இரண்டு மூன்று நாட்களுக்கு நோயாளியின் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து கலந்திருக்கும். அவற்றைக் கையுறை அணிந்து அகற்றிக் கையைச் சோப்பினால் கழுவல் வேண்டும். கருவுற்ற பெண் அப்பணியைச் செய்யாதிருத்தல் நன்று.

பேசப்படாத ஒரு செய்தி

தொற்றுநோய் அன்றாகையால் நோயாளியுடன் ஒரே வீட்டில் புழங்குவதற்கும் ஒரே பாத்திரத்தில் உண்பதற்கும் தடையில்லை. இதனைத் தெளிவாகக் கூறாவிடின் சுற்றத்தார் விலகுவர். குழந்தையையும் தந்தையிடமிருந்து விலக்குவர்.

இம்மருந்துகள் மகப்பேற்றுத் திறனைக் குறைக்கக்கூடும். சில சமயம் நிலையாகவே அழிக்கவும் கூடும். மருந்து தொடங்குமுன் ஆணின் விந்தணுக்களை உறையவைத்துப் பாதுகாக்கும் வசதி இன்று பெருநகரங்களில் உண்டு. இதற்கு ஒரு சில நாட்களே ஆகும். பெண் நோயாளிக்குக் கருமுட்டையைப் பாதுகாக்கும் வழிகளும் உள்ளன. அவற்றுக்குச் சற்றுக் கூடுதலான காலம் தேவை. முதல் ஊசி போட்ட பின் இவ்வாய்ப்பு பெரும்பாலும் கடந்துவிடுகிறது. கூச்சத்தால் நோயாளி கேட்பதில்லை. நெருக்கடியில் மருத்துவரும் கூற மறந்துவிடலாம். எனவே மனைவியோ கணவனோ இவ்வினாவை எழுப்புதல் தகும். சிகிச்சை நடக்கும்போதும், அது முடிந்த பின் மருத்துவர் குறிப்பிடும் காலம் வரையிலும், கருத்தரிப்பைத் தவிர்த்தல் அவசியம்.

மறைத்தல் என்னும் வழக்கத்தையும் இங்குக் குறிப்பிடல் வேண்டும். நோயின் பெயரை நோயாளியிடம் கூறவேண்டாம் என்று மருத்துவரை உறவினர் வேண்டிக்கொள்வதுண்டு. நோக்கம் நல்லதாயினும் விளைவு நல்லதன்று. புற்றுநோய்ப் பிரிவில் படுத்திருப்பவர் அதனை அறியாமல் இருப்பதில்லை. தமக்குத் தெரியும் என்பதை அவர் மனைவியிடம் மறைக்கிறார். மனைவி தனக்குத் தெரிந்ததை அவரிடம் மறைக்கிறாள். இருவரும் ஒரே அறையில் தனித்தனியே அஞ்சுகின்றனர். எவ்வளவு அறிய விரும்புகிறார் என்பதை நோயாளியிடமே கேட்டு, அந்த அளவுக்கு உண்மையைப் பகிர்ந்துகொள்வதே இருவர் சுமையையும் குறைக்கும்.

அறுவைச் சிகிச்சையும் அதற்குப் பின்னும்

தேர்ந்த மையங்களில் இன்று பெரும்பாலான நோயாளிகளின் கால் காப்பாற்றப்படுகிறது. நோயுற்ற எலும்புப் பகுதியைச் சுற்றியுள்ள நல்ல திசுவின் ஓர் உறையோடு அகற்றிவிட்டு, அவ்விடத்தில் உலோக மூட்டைப் பொருத்துகின்றனர். வெளிநாட்டு மூட்டுகளின் விலை மிகுதியாகையால், டாட்டா நினைவு மருத்துவமனையும் ஹைதராபாத்தில் உள்ள இரும்பல்லாத உலோகப் பொருள் தொழில்நுட்ப வளர்ச்சி மையமும் கூடி உள்நாட்டிலேயே இத்தகைய மூட்டை வடிவமைத்தன. வேறொரு முறையில், அகற்றிய எலும்பையே உடலுக்கு வெளியே மிகுந்த கதிர்வீச்சுக்கு உட்படுத்தி, நோயணுக்களை அழித்து, மீண்டும் அதே இடத்தில் பொருத்துகின்றனர். முக்கிய இரத்தக் குழாய்களையும் நரம்புகளையும் கட்டி சூழ்ந்துகொண்டிருந்தால் கால் துண்டித்தலே பாதுகாப்பான வழியாகலாம். உயிரா காலா என்னும் வினா எழும்போது முடிவு நோயாளியுடையது. ஆனால் அவர் முதலில் பார்ப்பது துணைவியின் முகத்தையே. கால் இல்லாவிடினும் தன் மதிப்பில் அவர் குறையார் என்பதை அவள் சொல்லாலும் செயலாலும் காட்டுவாளாயின், அவர் துணிவுடன் முடிவு செய்வார்.

அறுவைச் சிகிச்சைக்குப் பின் வரும் வாரங்களில் துணைவியின் பணி மாறுகிறது. அதுவரை எல்லாவற்றையும் செய்து கொடுத்தவள், இனிச் சிலவற்றைச் செய்யாதிருக்கக் கற்றுக்கொள்ளல் வேண்டும். உடற்பயிற்சி நிபுணர் கூறியபடி முழங்காலை மடக்குதலும், தொடைத் தசையை இறுக்குதலும், ஊன்றுகோலுடன் நடத்தலும் நாள்தோறும் நடைபெறல் வேண்டும். வலிக்கிறதே என்று இரங்கிப் பயிற்சியை நிறுத்திவிட்டால் மூட்டு இறுகிவிடும். நீர்க்குவளையைக் கையில் கொடுக்காமல் நான்கடி தள்ளி வைப்பதும் அன்பின் ஒரு வகையே. கால் துண்டிக்கப்பட்டவர்கள் இல்லாத காலில் வலியை உணர்வதுண்டு. அது கற்பனையன்று, நரம்புகளின் செயல். அதற்கும் மருந்து உண்டு. உலோக மூட்டுள்ளவருக்குக் காயம் சிவத்தல், சீழ், காய்ச்சல் ஆகியவை எப்போது தோன்றினாலும் உடனே அறுவை நிபுணருக்குத் தெரிவித்தல் வேண்டும்.

பயணமும் செலவும்

மாதக்கணக்கில் நீளும் சிகிச்சையைக் குடும்பங்கள் இடையில் கைவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் மருந்தின் கடுமையன்று. பணமும் தங்கும் இடமும் இல்லாமையே. எனவே உதவித் திட்டங்களைப் பற்றிய அறிவும் சிகிச்சையின் ஒரு பகுதியாகும்.

2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடங்கப்பெற்ற ஆயுஷ்மான் பாரத் பிரதமர் மக்கள் ஆரோக்கியத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டொன்றுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வகைசெய்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோருக்கு ராஷ்டிரிய ஆரோக்கிய நிதியின் கீழ் உதவி உண்டு. சிகிச்சைக்காகச் செல்லும் புற்றுநோயாளிக்கு ரயிலில் தூங்கும் வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் கட்டணம் முழுவதும் விலக்கப்படுகிறது; உடன் செல்பவருக்கு அவ்வகுப்புகளில் நூற்றுக்கு 75 பங்கு குறைக்கப்படுகிறது. இதற்கு மருத்துவமனை தரும் உரிய படிவச் சான்று தேவை. மும்பையில் பாந்திராவில் உள்ள டாக்டர் எர்னஸ்ட் போர்ஜஸ் நினைவு இல்லமும் தாதரில் உள்ள காட்கே மகராஜ் தர்மசாலையும் வெளியூர் நோயாளிகளுக்குத் தங்குமிடம் தருகின்றன. மருத்துவமனையின் சமூகப் பணியாளரை முதல் நாளிலேயே சந்திப்பது இவற்றையெல்லாம் அறிவதற்குச் சுருக்கமான வழி.

எல்லாச் சிகிச்சைக்கும் தொலைதூரம் செல்லவேண்டிய நிலையும் மெல்ல மாறி வருகிறது. 2012-இல் அமைக்கப்பெற்ற தேசிய புற்றுநோய் வலையமைப்பு நாடெங்கும் உள்ள மையங்களை ஒரே தரத்துக்குக் கொண்டுவர முயல்கிறது. 2019-இல் வாராணசியில் டாட்டா நினைவு மையத்தின் பொறுப்பில் பெரிய புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பெற்றது. அறுவைச் சிகிச்சையைத் தலைமை மையத்திலும், மருந்துச் சுற்றுகளை ஊருக்கு அருகிலும் செய்துகொள்ள இயலுமா என்று கேட்டறிதல் தகும்.

துணைவரையும் கவனித்தல்

நோயாளியைப் பற்றி விசாரிப்பவர் பலர். துணைவரைப் பற்றி விசாரிப்பவர் அரியர். உறக்கமின்மை, கடன் கவலை, ஊரில் விட்டுவந்த குழந்தையின் நினைவு ஆகிய மூன்றும் சேர்ந்து அவரைத் தளர்த்துகின்றன. தாம் சோர்ந்திருப்பதைக் கூறுவது அன்புக் குறைவு எனக் கருதி அவர் வாய் திறப்பதில்லை. பணியைப் பிறருடன் பகிர்ந்துகொள்ளுதல், வாரத்தில் சில இரவுகளேனும் முழுமையாக உறங்குதல், தம் உணவையும் மருந்தையும் தவறாதிருத்தல் ஆகியவை அவருடைய கடமைகளே. அவர் வீழ்ந்தால் சிகிச்சையும் நின்றுவிடும். மனத்தளர்ச்சி நீடித்தால், 2022-இல் தொடங்கப்பெற்ற டெலி-மானஸ் என்னும் அரசுச் சேவையை 14416 என்ற எண்ணில் இலவசமாக அழைத்துத் தம் மொழியிலேயே ஆலோசனை பெறலாம்.

மனைவி நோயாளியாக இருக்கும்போது வேறொரு சிக்கல் எழுகிறது. வீட்டில் பிறரைப் பேணுபவளாகவே அவள் இருந்திருப்பாள். கணவனுக்குச் சமையலோ குழந்தை வளர்ப்போ பழக்கமில்லை. அவளைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிடுதலே எளிது என்று உறவினர் கூறுவர். ஆனால் மேலே விவரித்த பணிகள் அனைத்தும் கற்றுக்கொள்ளக்கூடியவை. வெப்பமானி பார்க்கவும் கஞ்சி காய்ச்சவும் ஓர் ஆணால் இயலும். அவ்வாறு செய்யும் கணவனை ஊரார் முன் பாராட்டுதல் ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகலாம்.

ஆசிரியரும் களப்பணியாளரும்

சிகிச்சை முடிந்த பின்னும் கண்காணிப்பு முடிவதில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய மூன்று மாதத்துக்கு ஒருமுறை மார்புப் படமும் பிற சோதனைகளும் நடைபெறும். பின்னர் இடைவெளி கூடும். ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் குடும்பத்தில் அச்சம் திரும்பும். அந்நாட்களில் பயணத்தைத் தள்ளிப்போடாமல் அனுப்பிவைக்க ஒருவர் தேவை. நிலையான ஊனம் ஏற்பட்டவர்க்கு 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சான்றிதழும் சலுகைகளும் உண்டு. விண்ணப்பம் எழுதிக் கொடுப்பவர் ஆசிரியராக இருக்கலாம். நோயாளியின் குழந்தை வகுப்பில் திடீரெனப் பின்தங்கினால் அதன் காரணத்தை உணர்ந்து பரிவுடன் நடத்துபவரும் அவரே.

எல்லா முயற்சிக்கும் பின் நோய் வெல்லுவதும் உண்டு. அப்போது செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது சரியன்று. வலியைத் தணித்தல் மருத்துவத்தின் கடமை. வாயால் உட்கொள்ளும் மார்பீன் கடும் வலிக்குச் சிறந்த மருந்து. அது கிடைப்பதற்கிருந்த தடைகளைத் தளர்த்த 2014-இல் போதைப்பொருள் சட்டம் திருத்தப்பட்டது. மருத்துவர் கூறிய அளவில், கூறிய நேரத்தில் அதனைக் கொடுக்கும் மனைவி, கணவனின் இறுதி நாட்களை வலியற்றவையாக்குகிறாள். அவள் ஆற்றிய பணி தோற்றதாகாது.

மேலே கற்பனை செய்த குடும்பத்துக்குத் திரும்பிப் பார்த்தால், முடிவு பலவாறாக அமையலாம். எனினும் அதன் போக்கைப் பெரிதும் மாற்றக்கூடிய தருணங்கள் சில உண்டு: இரவு வலியைச் சுளுக்கு என ஒதுக்காத தருணம், கண்ட இடத்தில் கட்டியைக் கீறவிடாத தருணம், பன்னிரண்டாம் நாள் இரவில் வெப்பமானி 38 டிகிரி காட்டியபோது விடியும்வரை காத்திராத தருணம், ஐந்தாம் சுற்று மருந்துக்குப் பணமில்லை என்று ஊர் திரும்பாத தருணம். இவை ஒவ்வொன்றிலும் முடிவெடுப்பவள் அந்த இருபத்திரண்டு வயதுப் பெண். அவளுக்கு அப்போது வேண்டிய அறிவை முன்னதாகவே ஒருவர் கூறியிருத்தல் வேண்டும். அந்த ஒருவர் கிராமப் பள்ளியிலோ துணைச் சுகாதார நிலையத்திலோ பணியாற்றுபவராக இருப்பின், பெரிய மருத்துவமனையின் கரம் அச்சிற்றூர் வரை நீண்டுள்ளது எனலாம்.